தனிக்குரலும் ஒரு கிட்டாரும்: கேள்வி பதில்

போன ஞாயிறு அடையாறில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் பாடினேன். மைக் இல்லை, கூடவே வாசிக்க ஆளும் இல்லை. முடிந்ததும் வந்த கேள்விகளுக்கு அங்கே நின்றபடி பதில் சொல்ல நேரம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அண்ணா, டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. அரை மணி நேரத்தில் சலித்துவிடாதா? (வேளச்சேரி)

நாலு பேர் சேர்ந்து வாசித்தால் நாலு பேரும் ஒரே காலப்பிரமாணத்தில் போயாக வேண்டும். தனியாகப் பாடுகிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஒரு சொல் கனத்தால் அங்கேயே கொஞ்சம் நிற்கலாம், அடுத்த வரியை ஓடிப் பிடிக்கலாம். எனக்கு இந்த இசை பிடித்ததே அதனால்தான். இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக் 1972இல் வெளியிட்ட ‘பிங்க் மூன்’ ஆல்பத்தைக் கேளுங்கள். குரல், கிட்டார், ஒரே ஒரு பாட்டில் கொஞ்சம் பியானோ, அவ்வளவுதான். மொத்தமே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் விரல் கம்பியில் உரசுவதுகூடக் காதில் விழும்.

அப்புறம், பேஸ், அதாவது அடியில் போகும் கனத்த ஒலி, இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கப் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் வாசிப்பதைக் கவனியுங்கள். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறித் தாளம் போட, மற்ற விரல்கள் மெட்டை எடுக்கும். 1928இல் பதிவு செய்தவரை உலகம் மறந்துபோய், 1963இல்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள். அப்போதும் அதே விரல், அதே நிதானம்.

நம்ம நாட்டுப்புறப் பாட்டெல்லாம் கூட்டமாகப் பாடுவதுதானே? தனிப்பாட்டு நமக்கு ஒட்டுமா? (பெரம்பூர்)

ஐயா, நடவுப் பாட்டும் கும்மியும் கூட்டத்துக்கானவை, சரி. தாலாட்டு? ராத்திரி எல்லோரும் தூங்கியபின் ஒருத்தி தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடுவது. தாளம் அந்தத் தொட்டில்தான். ஒப்பாரியிலும் சுற்றிப் பத்துப் பேர் அழுதாலும், ஒருத்தி எடுத்துப் பாடும்போது அது அவளுடைய துக்கம். அந்த வரியை அவள் அங்கேயே கட்டுகிறாள்.

என் ஆயா பாடிய ஒப்பாரி ஒன்றைக் கிட்டாரில் வாசிக்கப் பல வருஷம் முயன்றேன். வழக்கமான கார்டு (சில சுரங்களை ஒன்றாக ஒலிக்க வைப்பது) போட்டதும் பாட்டு செத்துப்போனது. ஆயா காந்தாரத்தை, அதாவது ‘க’ சுரத்தை, இழுத்து, வழுக்கி, மேல் காந்தாரம், கீழ்க் காந்தாரம் இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவார். கார்டோ ‘இது மேஜர் (மேல் காந்தாரம்), இது மைனர் (கீழ்க் காந்தாரம்)’ என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. கடைசியில் கை கொடுத்தது, 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் பரப்பிய டி-ஏ-டி-ஜி-ஏ-டி சுருதி, அதாவது ஆறு கம்பிகளையும் இந்தச் சுரங்களுக்குச் சேர்ப்பது. நம் கணக்கில் ச-ப-ச-ம-ப-ச. காந்தாரமே கிடையாது! கம்பிகளைச் சும்மா மீட்டினாலே தம்புரா மாதிரி அடியில் ரீங்கரிக்கும். குரல் விரும்பியபடி வழுக்கலாம். அன்றைக்குத்தான் ஆயாவின் பாட்டு எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஐயா, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாடிய தாலாட்டு ஒன்றை இந்தச் சுருதியில் முயன்று பாருங்கள்.

வீடு கடற்கரை ஓரம். கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. (திருவான்மியூர்)

வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடையுங்கள். பூச்சு போட்ட கம்பி விலை கூடுதல், ஆனால் உப்புக்காற்றில் அதிக நாள் தாங்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள். ஏசி அறையிலிருந்து மாடிக்கு எடுத்துப் போனால் கால் மணி நேரம் பொறுத்துச் சுருதி சேருங்கள்.

கானாவும் இதில் சேருமா? (ராயபுரம்)

தாளமும் கூடப் பாடுகிறவர்களும் சேர்ந்துதான் கானா, அதை அப்படியே விட்டுவிட வேண்டும். ஆனால் மரண கானாவில் அடி தொடங்கும் முன், ஒரே குரல் தொகையறாவாக இழுத்துப் பாடும் இடம் உண்டே, அது எந்த நாட்டு ஃபோக் பாடகருக்கும் பாடம். உங்கள் ஏரியாவில் பாடுகிறவர்கள் இருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள் தம்பி.

வயது 52. குரலும் சுமார்தான். இனிமேல் ஆரம்பிக்கலாமா? (மேடவாக்கம்)

தாராளமாக, அக்கா. அமெரிக்க ஃபோக் பாடகி எலிசபெத் காட்டனின் முதல் ஆல்பம் 1958இல் வந்தபோது அவருக்கு 60 வயது தாண்டிவிட்டது. இடக்கைக்காரர் என்பதால் வலக்கைக் கிட்டாரையே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டு வாசித்தார். முதலில் ஒரே பாட்டு, இரண்டே கார்டு, உங்கள் பேச்சுக் குரலுக்குப் பக்கத்திலிருக்கும் சுருதி. அடுத்த மாடிக் கூடலுக்கு வாருங்கள். கிட்டார் வாங்க அவசரம் வேண்டாம், என்னிடம் இன்னொன்று இருக்கிறது.