வழுக்கையாற்றங்கரையில் வெங்காயம்: வரம்பு கட்டினால் வெள்ளம் நிற்குமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாயில் வழுக்கையாற்றை ஒட்டி ஆறு பரப்புத் (பரப்பு எங்கள் ஊர் நில அளவு) தோட்டக்காணி வைத்திருக்கிறேன். போன கார்த்திகை மழையில் இரண்டு நாள் வெள்ளம் நின்று வெங்காயம் முழுக்க அழுகிப்போனது. பக்கத்துக் காணிக்காரர் மண் கொட்டி உயர்த்திவிட்டார். நானும் ஆற்றுப்பக்கம் மூன்றடி வரம்பு கட்டட்டுமா ஐயா?

பதில்: விதைவெங்காயம் விற்கிற விலைக்கு உங்கள் நட்டம் சின்னதில்லை. ஆனாலும் வரம்புக்குக் காசு போடாதீர்கள். எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்தும் உள்ள சுண்ணாம்புக்கல். அடைமழைக்கு நிலத்தடி நீர் ஏறினால் வெள்ளம் காணிக்குள்ளேயே ஊறி வரும். உங்கள் கிணற்றையே பாருங்கள்: கட்டுக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் நின்றால் தறை ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அப்போது வரம்பு வெள்ளத்தை மறிக்காது, வடியவிடாமல் பிடித்து வைக்கும். மறிபடுகிற மிச்சமும் எதிர்க்கரைக்காரர் தோட்டத்துக்குள்தான் போகும்.

வழுக்கையாறு தெல்லிப்பளைப் பக்கம் தொடங்கி, குளங்களைத் தொட்டு, அராலியில் கடல்நீரேரியில் சேருகிறது. கோடை முழுக்கக் காய்ந்து கிடப்பதால் அது ஆறு என்பதையே மறந்துவிடுகிறோம். 2008 இல் நிஷா புயல் மழைக்கு நினைவுபடுத்தியது. கரையோரப் பள்ளக்காணி ஆறு மாரியில் படுக்கிற இடம். அதில் மண் நிரவுவது எனக்கு மிகவும் கவலை தருகிற விசயம்.

ஆற்றோரம் பள்ளமான இரண்டு பரப்பை மாரிக்கு நெல்லுக்கு விடுங்கள். நுனி வெளியே தெரிகிறவரை நெல் வெள்ளத்தைத் தாங்கும், வெங்காயம் தாங்காது. அங்கே வெங்காயம் வேண்டுமானால் தையில் வெள்ளம் வடிந்தபின் நடுங்கள். மேட்டுப்பக்கம் அரையடி உயரப் பாத்தி, சுற்றி ஓரடி ஆழ வடிகால். வடிகாலின் வாய் சரிவுப் பக்கம் திறந்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் பாத்தியை மட்டும் உயர்த்திப் பலனில்லை.

பக்கத்துக் காணிக்காரர் மண் நிரவியதைக் கமக்காரர் அமைப்பு மூலம் கமநல சேவை நிலையத்துக்கு (கமக்காரருக்கான அரச அலுவலகம்) எழுத்தில் கொடுங்கள். வாய்க்கால், மதகு துப்புரவையும் அதே கடிதத்தில் கேளுங்கள். புரட்டாதிக்குள் வேலை முடிய வேண்டும், ஐப்பசி மழை இறங்கினால் ஒருவரும் வரமாட்டார்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றை, சுற்றி நிற்கும் தண்ணீர் வடிந்தபிறகே இறையுங்கள். குளோரின் போட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டும்வரை கொதிக்கவைக்காமல் குடிக்க வேண்டாம்.