ஜப்பானிய மாணவர்களோடு ஒரு வாரச் சாரணர் முகாம்: கேள்வி பதில்

ஜப்பானிய மாணவர்கள் சேர்ந்து தங்கிய கோடை முகாம்கள் மூன்றை நடத்திய சாரண ஆசிரியர் நான். இந்தக் கோடையில் முதல் முறையாக அவர்களை வரவேற்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எங்கள் படையில் முப்பது பேர். எட்டு ஜப்பானிய மாணவர்கள் வருகிறார்கள். அவர்களைத் தனி அணியாக வைக்கலாமா? (சாரண ஆசிரியர் ஒருவர்)

வேண்டாம் ஐயா. முதல் முகாமில் நான் செய்த தவறு அதுதான். விருந்தினர்களாயிற்றே என்று தனிக் கூடாரம், தனிப் பந்தி கொடுத்து, வேலை எதுவும் வைக்காமல் உட்கார வைத்தேன். மூன்றாம் நாள் ஒரு மாணவன் விறகுக் குவியலையும் தன்னையும் மாறி மாறிச் சுட்டிக்காட்டினான். தனக்கும் வேலை வேண்டும் என்கிறான் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. அன்று மாலையே அணிகளைக் கலைத்து அடுக்கினேன்.

ஓர் அணிக்கு இரண்டு பேர் என்று பிரியுங்கள். ஒருவர் மட்டும் என்றால் தனித்துப்போவார், நான்கு பேர் என்றால் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள். விறகு, தண்ணீர், பாத்திரம் என எல்லா முறைப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்கட்டும். ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பறையைக் கூட்டுவதும் மதிய உணவு பரிமாறுவதும் மாணவர்கள் முறைவைத்துச் செய்யும் வேலைகள். வேலை கொடுத்தால் மகிழ்வார்கள், வேடிக்கை பார்க்க விட்டால் சங்கடப்படுவார்கள்.

எதைக் கேட்டாலும் "ஹாய்" என்று தலையாட்டுகிறார்கள். ஆனால் சொன்னதைச் செய்வதில்லை. ஏன் ஐயா? (அணித் தலைவர்)

"ஹாய்" என்றால் "ஆம்" என்று அகராதி சொல்லும். பேச்சில் அது பல நேரம் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்ற அளவில்தான் நிற்கும். "புரிந்ததா?" என்று கேட்காதே தம்பி, "செய்து காட்டு" என்று சொல். இன்னொரு சொல் "தாய்ஜோபு". "பரவாயில்லை, நன்றாக இருக்கிறேன்" என்றும் பொருள், "வேண்டாம்" என்றும் பொருள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு இந்தப் பதில் வந்தால், குவளையை அருகில் வைத்துவிட்டு நகர்ந்துவிடு. வெயில் நாளில் வெட்கத்தால் தாகத்தோடு இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலம் அவர்களுக்கு எழுத்தில் நன்றாக வரும், பேசத்தான் தயக்கம். ஆகவே அன்றைய நிகழ்ச்சிகளைப் பெரிய எழுத்தில், படத்தோடு பலகையில் எழுதி வை. முகாமில் பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

சமையலில் எதைக் கவனிக்க வேண்டும்? (சமையல் பொறுப்பேற்கும் தாய்)

முதலில் ஒவ்வாமை, அம்மா. வருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாம் வழக்கமாகக் கேட்கும் நிலக்கடலை, பால், முட்டையோடு பக்வீட் என்ற தானியத்தையும் சேர்த்துக் கேளுங்கள். சோபா நூடுல்ஸ் அதில்தான் செய்கிறார்கள். அது சிலருக்கு மூச்சே அடைக்கும் அளவுக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும், ஜப்பானில் உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய பொருள்களில் அதுவும் ஒன்று. கலப்பு மாவு வாங்கினால் பின்புற அட்டையைப் படித்துவிடுங்கள்.

அடுத்து, ஒரு வேளைச் சமையலை அவர்களிடமே விட்டுவிடுங்கள். பள்ளி முகாம்களில் விறகு அடுப்பில் சோறாக்கிக் குழம்பு வைப்பது அங்கே பல தலைமுறைப் பழக்கம். அதற்கென்றே "ஹங்கோ" என்ற பாத்திரம் உண்டு: அலுமினியத்தில், மேலிருந்து பார்த்தால் அவரை விதை போல வளைந்திருக்கும். சோறாக்குவதற்கு ஒரு பழைய வாய்ப்பாடும் வைத்திருக்கிறார்கள். முதலில் சிறு தீ, நடுவில் பெருந்தீ, குழந்தை அழுதாலும் மூடியைத் திறக்காதே என்பது அதன் சாரம். கஞ்சியை வடிப்பதில்லை. அரிசி நீரை முழுக்க உறிஞ்சி, மிச்சத்தை ஆவியே வேகவைக்க வேண்டும், மூடியைத் திறந்தால் அந்த ஆவி போய்விடும். தீயிலிருந்து எடுத்த பிறகும் பத்து நிமிடம் அப்படியே புழுங்க விடுவார்கள், சிலர் பாத்திரத்தையே கவிழ்த்து வைப்பார்கள். எங்கள் பிள்ளைகள் பொறுமை இழந்து மூடியைத் தொட, இரண்டு ஜப்பானிய மாணவிகள் ஒரே குரலில் அலறியதை இன்றும் மறக்கவில்லை. அதுவரை அந்த இருவரின் குரலையே நாங்கள் கேட்டதில்லை.

உண்ணும் முன் "இத்தாதாகிமாஸ்", உண்ட பின் "கோச்சிசோசாமா" என்பார்கள். உங்கள் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லட்டும்.

குளியல் ஏற்பாடு எப்படி? (ஒரு தந்தை)

இரவில், உறங்கும் முன். அவர்கள் வீட்டு வழக்கம் அது. அட்டவணையில் காலைக் குளியலை மட்டும் வைத்தால் வாரம் முழுவதும் பிசுபிசுப்போடு படுப்பார்கள், வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள்.

காலை உடற்பயிற்சியை யார் நடத்துவது? (துணைச் சாரண ஆசிரியர்)

அவர்களே. "ராஜியோ தாய்சோ" என்ற வானொலி உடற்பயிற்சி 1928 முதல் அங்கே நடந்துவருகிறது. கோடை விடுமுறையில் காலை 6.30 ஒலிபரப்புக்குப் பிள்ளைகள் திடலில் கூடி, அட்டையில் முத்திரை வாங்கிக்கொள்வது வழக்கம். வரிசைக்கு முன்னால் நின்று மூன்று நிமிடம் நடத்திய பிள்ளையின் கூச்சம் அன்றே பாதி போய்விடுகிறது. முதல் நாள் காலையிலேயே வையுங்கள்.

பாசறைத் தீயின்போது பேய்க்கதை சொல்லலாமா? பயந்துவிடுவார்களா? (மூத்த சாரணர்)

உன்னைப் பயமுறுத்திவிடுவார்கள்! ஜப்பானில் பேய்க்கதைக்குப் பருவமே கோடைதான். முன்னோர் வீடு திரும்புவதாக நம்பும் ஓபோன் நாள்களும் கோடையில்தான் வருகின்றன. இருட்டில் தனியாக ஓரிடம் போய்த் திரும்பும் "கிமோதாமேஷி" என்ற துணிச்சல் விளையாட்டையும் கேட்பார்கள். இருவர் இருவராக, கயிறு கட்டிய பாதையில், இரு முனையிலும் பெரியவர்கள் நின்றால் அனுமதிக்கலாம். நீர்நிலைப் பக்கம் மட்டும் கூடவே கூடாது.

எங்கள் விருந்தினர் சாரணர்கள் அல்லர். சாரணியம் பற்றி என்ன சொல்வது? (சாரணர் ஒருவர்)

அவர்கள் நாட்டிலிருந்தே தொடங்கு. உலகச் சாரணர்கள் கூடும் பெருமுகாமான உலக ஜாம்போரி அங்கே இருமுறை நடந்திருக்கிறது: 1971இல் ஃபூஜி மலையடிவாரத்து அசாகிரி சமவெளியில், 2015இல் யாமாகுச்சியில். நம் "தயாராக இரு" என்ற குறிக்கோளை ஜப்பானியச் சாரணர்கள் "சொனாயேயோ த்சுனேனி" என்கிறார்கள். அதைப் பலகையில் எழுதித் தரச் சொல். சாரணர்கள் நாம் இடக்கையால் கைகுலுக்குவதை மட்டும் முன்கூட்டியே விளக்கிவிடு, இல்லாவிட்டால் குழம்பிப்போவார்கள்.

அவர்களுக்கு முடிச்சுப் போடத் தெரியுமா? (பதினொரு வயதுச் சாரணர்)

சிலருக்குத் தெரியும் கண்ணா. நீ போலைன் என்பதை அவர்கள் "மொயாய் முசுபி" என்பார்கள், படகைக் கரையில் கட்டும் முடிச்சு என்று பொருள். கயிற்றை நீட்டி அந்தப் பெயரைச் சொல்லிப் பார். தெரிந்தவர் வாங்கிப் போட்டுக் காட்டுவார், தெரியாதவருக்கு நீ கற்றுக்கொடு. இரண்டு கயிறு எடுத்துப் போ, ஒன்று போதாது.