பதில்: அப்பாவின் கேஸ் ஷீட்டைத் தர மறுக்கிறார்கள்

உங்கள் அப்பாவின் கேஸ் ஷீட்டை (முழு சிகிச்சைப் பதிவு) தர மறுத்து, டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் தருவோம் என்று மருத்துவமனை சொல்வது தவறுங்க. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதி 1.3.2-இன்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும்.

வாய்மொழியாகக் கேட்டதால்தான் இழுத்தடிக்க முடிகிறது. எழுதிக் கொடுங்கள். அப்பா கையெழுத்திடும் நிலையில் இருந்தால் அவர் பெயரிலேயே கடிதம் போகட்டும். ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், மருந்து அட்டவணை, ஒப்புதல் படிவங்கள், சி.டி. ஸ்கேன் படங்கள் (அறிக்கை மட்டும் போதாது, இரண்டாம் கருத்து சொல்லும் மருத்துவர் படத்தைத்தான் பார்ப்பார்) எனத் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். கடிதத்தின் நகலில் மருத்துவமனை முத்திரையும் நேரமும் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். அதற்கும் பதில் இல்லையென்றால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். தாமதிக்காதீர்கள்: உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கிறது விதி.