கேலிக்கு அஞ்சிய கறுப்பு

கேள்வி: என் பேரன் பள்ளி ஆண்டு விழாவின் மாறுவேடப் போட்டியில் சூப்பர்மேனாக மேடையேறப் போகிறான். பழைய படக்கதையில் இருப்பதுபோல் நீல உடைமேல் சிவப்புக் கால்சட்டையும் மஞ்சள் பெல்ட்டும் வைத்துத் தைத்துவிடலாம் என்றேன். "ஜட்டியை வெளியே போட்டுக்கொண்டு நின்றால் எல்லாரும் கேலி செய்வார்கள், சினிமாவில் வந்த கருநீல உடையைக் கடையில் வாங்கிவிடலாம்" என்கிறான் என் மகன். எது சரி? – ஒரு வாசகி, பள்ளத்தூர்.

பதில்: படக்கதையில் உள்ளதையே தைத்துக் கொடுங்கள், ஆச்சி. அதில் தயங்க ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் மகன் கேலி என்று சொன்னாரே, அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஹாலிவுட்டின் உடை வடிவமைப்பாளர்களை நெடுங்காலம் ஆட்டிப்படைத்ததும் அந்த அச்சம்தான்.

1938இல் ஜெர்ரி சீகல் எழுதி ஜோ ஷஸ்டர் வரைந்த சூப்பர்மேன் முதன்முதலில் அச்சேறியபோது, அந்தச் சிவப்புக் கால்சட்டைக்குத் தெளிவான காரணம் இருந்தது. அந்நாளைய சர்க்கஸ் பலசாலிகளும் மல்லர்களும் உடலை ஒட்டிய உடைமேல் அணிந்துவந்தது அது. இவன் பலசாலி என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சிறுவர்களுக்குச் சொல்லிவிடும். கண்ணுக்கும் அது வேலை செய்கிறது. கழுத்து முதல் கால்வரை ஒரே நீலமாக இருந்தால் உடல் ஒரு குழாயைப்போல் தெரியும். இடுப்பில் ஒரு சிவப்பும் மஞ்சளும் குறுக்கிட்டால்தான் மார்பு எங்கே முடிகிறது, கால் எங்கே தொடங்குகிறது என்பது பிடிபடும். மட்டமான செய்தித்தாள் காகிதத்தில் நான்கே மைகளைக்கொண்டு புள்ளிபுள்ளியாக வண்ணம் அச்சிட்ட காலம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1962இல் ஹல்க் என்ற படக்கதை நாயகன் முதல் இதழில் சாம்பல் நிறத்தில்தான் வந்தான். அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் வேறுவேறாக அச்சானதால் இரண்டாவது இதழிலேயே பச்சையாகிவிட்டான். தமிழில் வேதாளர் என்றும் மாயாவி என்றும் நாம் படித்த முகமூடி வீரர் ஃபேண்டமைப் படைத்த லீ ஃபால்க், மனத்தில் எண்ணியிருந்ததும் சாம்பல் நிறம்தான். 1936இல் தொடங்கிய அந்தத் தொடர் 1939இல் ஞாயிறு வண்ணப் பக்கத்துக்கு வந்தபோது உடை ஊதாவாகிவிட்டது. இத்தாலியில் அவரே சிவப்பு உடையில் உலவினார். அச்சகம் தந்த நிறம்தான் என்றாலும், அந்த ஊதாவைக் களைந்துவிட்டால் அவர் நமக்கு வேற்றாள் ஆகிவிடுவார். 1996இல் திரைக்கு வந்தபோதும் அதே ஊதாவில்தான் வந்தார், அதற்காக அந்தப் படத்தின்மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

கறுப்புதான் பெரியவர்களுக்கானது, வண்ணம் சிறுபிள்ளைத்தனம் என்று இதே பக்கத்தில் என்னோடு நெடுநாளாக வழக்காடி வரும் நண்பர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். 1989இன் பேட்மேனுக்கு உடல் முழுவதும் கறுப்பு ரப்பர் வார்த்துப் போட்டார்கள். முகமூடியும் கழுத்தும் ஒன்றாக ஒட்டியிருந்ததால், பக்கவாட்டில் பார்க்க வேண்டுமானால் நடிகர் மைக்கேல் கீட்டன் தோளோடு சேர்த்து உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. எவர் கண்ணிலும் படாமல் இரவில் சுற்றித் திரிய வேண்டியவனுக்குக் கழுத்தைத் திருப்ப முடியாத உடை! அந்தக் குறையை 2008ஆம் ஆண்டுப் படத்தில் கதைக்குள்ளேயே பேசித்தான் தீர்த்தார்கள். 2000இல் வந்த எக்ஸ்-மென் படமோ எல்லாரையும் கறுப்புத் தோலுடைக்குள் புகுத்தியது போதாதென்று, படக்கதையில் வுல்வரின் என்ற நாயகன் அணியும் மஞ்சள் உடையை ஒரு வசனத்தில் பரிகாசமும் செய்தது. அந்தப் படத்தில் வுல்வரினாக நடித்த அதே ஹியூ ஜாக்மன், அதே வுல்வரினாக, அதே மஞ்சள் உடையில் 2024இல் திரைக்கு வந்தபோது வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளை வீணாக்கியது கேலிக்கு அஞ்சிய கூச்சம் என்பதே என் உறுதியான கருத்து.

தாளில் உள்ள உருவத்தைத் துணிக்குக் கொண்டுவருவது எப்படி என்பது நம் செட்டிநாட்டுப் பகுதிக்குப் புதிய செய்தி அன்று. 1894இல் பம்பாயில் தொடங்கப்பட்ட ரவி வர்மாவின் அச்சகத்திலிருந்து வந்த லட்சுமியும் சரசுவதியும் செட்டிநாட்டு வீடுகளில் மாட்டப்பட்டார்கள். அவற்றுள் சில படங்களின்மேல் துணியும் சரிகையும் வைத்துத் தைத்திருப்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் கண்ணாடிக்கு அருகில் போய்ப் பாருங்கள். முகமும் கைகளும் பாதங்களும் அச்சிட்ட தாளாகவே விடப்பட்டிருக்கும். சேலை இருக்கும் இடத்தில் மட்டும் உண்மையான துணி, முந்தானை ஓரத்தில் சரிகை, நகை வரும் இடங்களில் மணியும் சமிக்கியும். ஓவியர் போட்ட மடிப்பின் போக்கிலேயே துணியும் மடிந்திருக்கும். ஊசி பிடித்தவர், கோட்டை மதித்து அதற்குக் கனம் மட்டும் கூட்டினார். படக்கதையின் உடையைத் திரைக்குக் கொண்டுபோகிறவரிடம் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

அப்படிச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2002ஆம் ஆண்டுப் படத்தில் ஸ்பைடர்மேனின் சிவப்பும் நீலமும் மாறவில்லை. ஸ்டீவ் டிட்கோ தாளில் மெல்லிய கோடுகளாக வரைந்த வலை, துணியில் மேடாக எழுந்து நின்றது. 2016இல் அவனது முகமூடிக் கண்கள் விரிந்து சுருங்கும்படி செய்தார்கள்; வெறும் வெள்ளைக் கண்களைக்கொண்டே கோபத்தையும் வியப்பையும் காட்டிய ஓவியரின் உத்தி அதனால் திரைக்கும் கிடைத்தது. சூப்பர்மேனின் கால்சட்டையும் போய்விட்டுத் திரும்பி வந்ததுதான்: படக்கதையில் 2011இல் கழற்றி 2018இல் திருப்பிக் கொடுத்தார்கள், 2013ஆம் ஆண்டுப் படத்தில் காணாமற்போனது 2025ஆம் ஆண்டுப் படத்தில் மீண்டும் வந்துவிட்டது. இத்தனை ஆற்றல் உள்ளவனைக் கண்டு குழந்தைகள் அஞ்சிவிடக் கூடாது, மல்யுத்த வீரனைப்போல் இருந்தால் அஞ்சமாட்டார்கள் என்று வாதிட்டவர் அந்தப் படத்தின் கதாநாயகன் டேவிட் கோரன்ஸ்வெட் என்பதை உங்கள் மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள். சினிமாவே இப்போது உங்கள் பக்கம்தான், ஆச்சி.

இனித் தையல்காரருக்கு. கடையில் கிடைக்கும் ஆயத்த உடைகள் பலவற்றில் மார்புத் தசைக்காக ஸ்பாஞ்சு வைத்திருப்பார்கள்; நம் ஊர் வெயிலில் தன் முறைக்காக வரிசையில் காத்திருக்கும் பிள்ளை அதற்குள் வெந்துபோவான். திருப்பூர்ப் பனியன் துணியில் நல்ல நீலமாக எடுங்கள். கருநீலத்தையும் கருஞ்சிவப்பையும் மேடை விளக்கில் கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே இருட்டாகத் தெரியும். மார்பு முத்திரையை வண்ணம் பூசி வரையாமல், மஞ்சள் துணியின்மேல் சிவப்பு எழுத்தை வெட்டி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கால்சட்டையைத் தனியாக மாட்டிவிட்டால் நடக்கும்போது சுருண்டு ஏறும். நீலக் கால்சராயோடு சேர்த்தே அடித்துவிடுவது நல்லது. முதுகில் தொங்கும் மேலங்கிக்குச் சாட்டின் துணி வழுக்கும், பாப்ளின் போதும். அதைக் கழுத்தில் நாடாவால் கட்டாமல் இரு தோள்களிலும் பிடிக்கும்படி தைத்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டால், மேடைப்படி ஏறும்போது மிதித்துத் தடுக்காது.