இன்ஜின் தேய்ந்துவிட்டது: செலவு செய்வதா, காரை விடுவதா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. 2010-ல் வாங்கிய மாருதி ஆல்ட்டோ 1,40,000 கி.மீ. ஓடிவிட்டது. ஏற்றத்தில் இழுக்க மறுக்கிறது, ஆயில் குடிக்கிறது, புகையும் வருகிறது. இன்ஜினைப் பிரித்து முழு வேலை செய்ய 62,000 ரூபாய் கேட்கிறார் மெக்கானிக். கோவை உக்கடத்தில் பழைய இன்ஜின் வாங்கி மாட்டினால் 38,000-ல் முடியும் என்கிறார் இன்னொருவர். ஒரு வியாபாரியோ இந்தக் காரை 45,000-க்கு எடுத்துக்கொண்டு, 3,45,000 ரூபாய்க்கு வேறொரு பழைய கார் தருகிறேன் என்கிறார். மீதி 3 லட்சத்துக்கு 14% வட்டியில் 4 வருடக் கடன். எங்கள் கையிருப்பு 90,000. மாதம் ஒருமுறை அம்மாவைக் கோவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். ஆர்.சி.யைப் போன வருடம், 2025-ல்தான் புதுப்பித்தோம். என்ன செய்யலாம்?

பதில்: வியாபாரி சொல்வதை முதலில் தள்ளி வைத்துவிடலாம். 3 லட்சம், 14%, 48 மாதம் என்றால் தவணை சுமார் 8,200 ரூபாய். வட்டி மட்டும் 93,000-ஐத் தாண்டும். பச்சைத் தேயிலை விலை எந்த மாதம் எப்படி இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. தவணைத் தேதி மட்டும் தவறாமல் வரும். வாங்கப்போவதும் பழைய கார்தான், அதன் இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் தெரியாது.

“45,000 மட்டுமே பெறும் வண்டிக்கு 62,000 செலவு செய்வதா?” என்று பலரும் கேட்பார்கள். இந்தக் கேள்வியே தவறு என்பேன். நீங்கள் காரை விற்கப் போவதில்லை, ஓட்டப் போகிறீர்கள். அதனால் இதற்குப் பதிலாக வரும் வண்டிக்கு மாதம் என்ன செலவாகும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். உங்கள் ஆர்.சி. 2030 வரை செல்லும். இன்னும் 4 வருடம் ஓடினால் 62,000 ரூபாய் மாதத்துக்கு 1,300-க்குள் அடங்கிவிடுகிறது. 8,200 எங்கே, 1,300 எங்கே!

ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர, காரின் மற்ற பாகங்களும் 4 வருடம் தாங்க வேண்டும். அதனால் இன்ஜினைப் பிரிக்கும் முன் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, தரை மிதியடிகளை எடுத்துவிட்டு, ஃப்ளோர் தகட்டையும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களையும் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். நம் மலையில் மழையும் மஞ்சும் இரும்பை விட்டுவைப்பதில்லை. என் அப்பாவின் காருக்கு ஆசை ஆசையாக இன்ஜின் வேலை செய்தோம். அடுத்த மழைக்காலத்தில் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தகடு பெயர்ந்து கையோடு வந்தது. நல்ல இன்ஜினை ஓட்டை வண்டியில் வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

தகடு உறுதியாக இருந்தால், அடுத்து இன்ஜின் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று மீட்டர் வைத்து அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். சின்னச் செலவுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். நல்ல இன்ஜின்கூட மீட்டரில் அந்த அளவுக்குக் குறைத்துத்தான் காட்டும். கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு “இன்ஜின் போச்சு” என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆல்ட்டோவில் மூன்று சிலிண்டர்கள். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மிகவும் குறைந்தால், பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரும் (போர்) தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் குறை பெரும்பாலும் வால்வில் இருக்கும். அப்படியானால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றி வேலை பார்த்தால் போதும், 62,000 ஆகாது.

புகையும் ஓரளவு சொல்லிவிடும். குஞ்சப்பனை வழியாக கியரிலேயே இறங்கிவிட்டு, கீழே ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் குப்பென்று நீலப் புகை வந்தால் வால்வு சீலைச் சந்தேகப்படுங்கள். ஏற்றம் முழுக்க நீலமாகவே புகைந்தால் ரிங். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவிதான். இழுவைக் குறைவுக்குத் தேய்ந்த கிளட்ச்சும் காரணமாக இருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் கோவைப் பயணத்தை நினைத்துத்தான் எனக்குக் கவலை. கம்ப்ரஷன் குறைந்த இன்ஜின் இறக்கத்தில் வண்டியைச் சரியாகப் பிடித்து வைக்காது. பிரேக்கில் கூடுதல் பாரம் விழும், பிரேக் சூடேறினால் பிடிப்பு போய்விடும். வேலை முடியும் வரை மேட்டுப்பாளையம் இறக்கத்தில் இந்தக் காரை எடுக்காதீர்கள். அந்த ஒரு நாளுக்கு டாக்ஸி பிடியுங்கள். அந்தப் பணத்தைச் செலவாக நினைக்க வேண்டாம்.

அப்புறம், உக்கடத்து இன்ஜின். விலை குறைவுதான். ஆனால் இன்ஜின் மாறினால் எண் மாறும். அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறையாக ஆர்.சி.யில் பதிய வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த இன்ஜின் எந்த வண்டியில் இருந்தது என்பதற்கான ஆர்.சி. நகலும் பில்லும் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். விபத்து நடந்து இழப்பீடு கேட்கும்போது எண் பொருந்தவில்லை என்றால் 24,000 ரூபாய் மிச்சம் பிடித்தது எதற்கும் உதவாது. உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதும் மாட்டிய பிறகுதான் தெரியும். உங்கள் இன்ஜினின் பிளாக்கையே ரீபோர் செய்தால், அதாவது தேய்ந்த சிலிண்டர் உள்சுவரைக் கடைந்து சரி செய்தால், எண் அப்படியே இருக்கும், எந்தப் பதிவும் தேவையில்லை. நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

கையில் இருக்கும் 90,000-ல் 62,000-ஐ இப்போதே எடுத்தால் மிஞ்சுவது 28,000. வீட்டில் வயதானவர் இருக்கும்போது இது போதாது. இரண்டு மூன்று மாதம் பொறுத்து, 50,000 ரூபாயாவது மிஞ்சும்படி சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அதுவரை உள்ளூரில் மட்டும் ஓட்டலாம். வாரம் ஒருமுறை ஆயில் அளவைப் பார்த்து ஊற்றுங்கள். ஆயில் விளக்கு எரிந்தாலோ, உள்ளே தட்டும் சத்தம் கேட்டாலோ அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

தகடு உளுத்திருந்தால் மட்டும் என் பதில் மாறும். இன்ஜினுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாமல் விற்றுவிடுங்கள். பெயர் மாற்றம் முடியாமல் சாவியைக் கொடுக்காதீர்கள், பின்னால் அந்த வண்டி என்ன செய்தாலும் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். உடைக்கக் கொடுப்பதானால் அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள்.

தகட்டின் நிலையையும் மூன்று சிலிண்டர் அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். வால்வு வேலை மட்டும்தான் என்றால் சேமிப்புக் கணக்கை மறுபடி போட்டுத் தருகிறேன்.