ஸ்கேன்ல "லங்ஸ் மெச்சூர்"னு போட்டா குழந்தைய எடுத்துடலாமா?

கேள்வி: எனக்கு 36 வாரம் முடிஞ்சிருக்கு, ரெண்டாவது சிசேரியன். அடுத்த வாரம் நல்ல நாள், அன்னைக்கே எடுத்துடலாம்னு மாமியார் சொல்றாங்க. ஸ்கேன் சென்டர்ல தனியா காசு வாங்கிட்டு "பிளசன்டா கிரேடு 3, லங்ஸ் மெச்சூர்"னு குடுத்திருக்காங்க. நம்பலாமா டாக்டர்?

பதில்: நம்பாதீங்கம்மா. மெஷின் நுரையீரல காட்டும், அது மூச்சு விடுமான்னு சொல்லாது. மூச்சு வெளிய போனதும் உள்ள இருக்குற குட்டிக் குட்டி காத்துப் பைங்க சுருங்கி ஒட்டிக்காம இருக்க சர்ஃபாக்டன்ட்னு ஒரு வழவழப்பு வேணும், சோப்பு நுரை மாதிரின்னு வெச்சுக்கங்க, பெரும்பாலும் 35 வாரம் கிட்டதான் அது போதுமான அளவு சேரும், ஸ்கேன்ல கண்ணுக்கே தெரியாது. கிரேடு 3ங்கறது நஞ்சுக்கொடியில, அதான் பிளசன்டால, படியுற சுண்ணாம்புத் திட்டு, அவ்ளோதான். 1979ல அத வச்சு லங்ஸ் ரெடின்னு சொன்னாங்க, அப்புறம் கிரேடு 3 இருந்தும் திணறின குழந்தைங்களப் பாத்து விட்டாச்சு. பி.பி. இருக்குற அம்மாவுக்கு கிரேடு 3 முன்னாடியே வந்துரும்.

"லங்ஸ் மெச்சூர்"ங்கற அந்த வரி பாதி சென்டர்ல டெம்ப்ளேட்லயே கெடக்கும். ஒரு பொண்ணு கொண்டுவந்த ரிப்போர்ட்ல மேல அவ பேரு, கீழ "ட்வின்ஸ், ரெண்டு பேருக்கும் லங்ஸ் மெச்சூர்", வயித்துல ஒத்தக் குழந்தை! அனுப்பி வச்சவருக்குக் கமிஷன் போகணும்ல. பையனா பொண்ணான்னு சொன்னா 1994 சட்டத்துல ஜெயில், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அந்தச் சட்டம் கேக்குற ஃபார்ம் எஃப் நிரப்பியே எங்க கை ஒடியுது, இல்லாத டெஸ்டுக்குக் காசு வாங்குறத மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

நாங்க பாக்குறது வாரக் கணக்கத்தான். 11-14 வாரத்துல எடுத்த ஸ்கேன்ல ஒரு வாரத்துக்கு மேல தப்பு வராது, கடைசி மாச ஸ்கேன் மூணு வாரம்கூட முன்னபின்ன ஆகும். அவசரமில்லாத சிசேரியன்னா 39 வாரம். "ஸ்டீராய்டு ஊசி போட்டுட்டு எடுத்துடலாம்"னு யாராவது சொன்னா அதுவும் வேணாம், நுரையீரல் சீக்கிரம் பக்குவமாகப் போடுற அந்த ஊசி, குழந்தை வேற வழியில்லாம சீக்கிரம் வரப்போற அம்மாக்களுக்கு, ஜோசியருக்கு இல்ல.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க, சுகர் இருக்கா? அம்மாவுக்கு சுகர் ஏறினா குழந்தைக்கு இன்சுலின் ஜாஸ்தியா சுரக்கும், அது சர்ஃபாக்டன்ட்ட தாமதப்படுத்தும். நாலு கிலோ கொழுகொழுன்னு 37 வாரத்துல பொறந்து மூக்கு விடைக்க முனகிக்கிட்டு என்ஐசியூல கெடக்குற குழந்தைங்க இந்த ரகம்தான், வெயிட்ட பாத்து வளந்துருச்சுன்னு ஏமாந்துடாதீங்க. ஸ்டீராய்டு போட்டா சுகர் இன்னும் எகிறும். ஆனா சுகர் கட்டுல இல்லன்னா ரொம்ப நாள் காக்கவும் முடியாது, அத உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

மொதல்ல பீரோல கெடக்குற அந்த மூணாவது மாச ரிப்போர்ட்ட தேடி எடுங்க. அதுல போட்டிருக்குற வாரக் கணக்குல இருந்து எண்ணி 39 வாரம் எப்ப முடியுதுன்னு பாருங்க, அதுக்கப்புறம் வர்ற நாள்ல ஒண்ண ஜோசியர் குறிக்கட்டும். நடுவுல வலி வந்தாலோ தண்ணி ஒடஞ்சாலோ நாள் பாக்காம கெளம்பிடுங்க.