கென்டக்கிக்கு அடுத்த கோச் யார்?

வணக்கம் ஐயா,

2024 ஏப்ரலில் கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு அடுத்த தலைமைப் பயிற்சியாளர் யார் என்று ரசிகர்கள் நாள் முழுக்க ஊகித்துக்கொண்டிருந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எந்தத் தனி விமானம் எங்கே இறங்குகிறது என்றுகூடக் கவனித்தார்களாமே! ஆடுவது மாணவர்கள்தானே? ஓரத்தில் நிற்கும் ஒருவருக்காக இவ்வளவு பதற்றம் எதற்கு? வெறும் வம்பாகத்தான் எனக்குத் தெரிகிறது.

கே., திருச்சி

அன்புள்ள கே.,

வம்பும் உண்டு. ஆனால் வம்பு மட்டும்தான் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் என்பிஏ (தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணி கிடையாது, ஆண்களுக்கான வேறெந்தப் பெரிய தொழில்முறை லீக் அணியும் கிடையாது. எட்டு தேசியப் பட்டங்கள் வாங்கிய இந்தப் பல்கலைக்கழக அணிதான் அங்கே பலருக்குச் சொந்த அணி. ஆடுகிறவர்களோ நிலையாக இருப்பதில்லை. பின்னாளில் என்பிஏ நட்சத்திரங்களான ஜான் வாலும் ஆந்தனி டேவிஸும் அங்கே ஆடியது ஒரே ஒரு சீசன். இப்போது ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் மிக எளிதாகிவிட்டது. ஆக, வருஷா வருஷம் அங்கேயே இருக்கிற ஒரே முகம் கோச்சுடையது.

அதைவிட முக்கியமானது, அணியைச் சேர்ப்பவரே அவர்தான். என்பிஏவில் இருப்பதுபோல், அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் இங்கே இல்லை. பள்ளிப் பையன்களின் வீடு தேடிப் போய், அப்பா அம்மாவிடம் பேசி அழைத்து வருகிறவர் கோச். அவர் போனால் அணியும் போகும். 2024-இல் அதுதான் நடந்தது. கல்லூரிகளின் தேசியப் போட்டியில், தரவரிசையில் மிகவும் பின்தங்கிய (14ஆம் நிலை) ஓக்லாண்டிடம் 80-76 என்று முதல் சுற்றிலேயே தோற்ற கசப்பு ஆறுவதற்குள், 15 ஆண்டுகள் கோச்சாக இருந்த ஜான் கலிபாரி ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டார். உதவித்தொகையில் ஆடிய பையன்களில் ஒருவர்கூட அடுத்த சீசனுக்கு மிஞ்சவில்லை. அப்புறம் எப்படி அந்த ஊர் தூங்கும்?

என் குறை வேறு. ரசிகர்கள் யாரை எதிர்பார்த்தார்கள் என்று பாருங்கள். அப்போதுதான் தொடர்ந்து இரண்டாவது பட்டம் வென்ற கனெக்டிகட் பல்கலைக்கழகக் கோச் டான் ஹர்லி. 2021-இல் பட்டம் வென்ற பெய்லரின் ஸ்காட் ட்ரூ. ஃபுளோரிடாவுக்கு இரண்டு பட்டங்கள் வாங்கித்தந்த பில்லி டோனவன். எல்லாரும் ஏற்கெனவே ஜெயித்தவர்கள். ஹர்லியும் ட்ரூவும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம் என்றதும், ஏப்ரல் 12 அன்று மார்க் போப்பின் பெயர் அறிவிக்கப்பட்டது. பலருக்குக் கடும் கோபம். பிரிகாம் யங் பல்கலைக்கழகக் கோச்சாக அவர் தேசியப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லையே என்றார்கள். அது உண்மைதான். அவருடைய அணி எப்படி ஆடுகிறது, உயரமான ஆட்டக்காரரைக்கூட வளையத்தை விட்டு வெளியே நிறுத்தி தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதலுக்கு எப்படி இடம் உண்டாக்குகிறது என்று பேசியவர்கள் குறைவு. ஒரு கோச்சை எடைபோட நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இரண்டே நாளில் அவரை வரவேற்க, கென்டக்கி அணியின் சொந்த மைதானமான ரப் அரங்கம் நிரம்பி வழிந்தது. 1996-இல் பட்டம் வென்ற கென்டக்கி அணியின் கேப்டன்களில் ஒருவர் அவர். நம்ம ஆள் என்ற எண்ணம் வந்ததும் கோபம் கரைந்துவிட்டது. முழுக்கப் புதிய ஆட்களை வைத்து அந்த நவம்பரில் ட்யூக் பல்கலைக்கழக அணியை 77-72 என்று வென்றார். அடுத்த மார்ச்சில், 2019-க்குப் பிறகு முதல்முறையாக, அணி தேசியப் போட்டியில் கடைசி பதினாறுக்குள் போனது.

சரி, அந்தச் சில நாட்களில் எனக்கு உறுத்தியது ஒன்றுதான். கலிபாரியை நம்பிக் கென்டக்கியில் சேரக் கையெழுத்துப் போட்டிருந்த பள்ளிப் பையன்கள் இருந்தார்கள். சிலர் அவர் பின்னாலேயே ஆர்கன்சா போனார்கள். உள்ளூர்ப் பையன் டிராவிஸ் பெர்ரி கென்டக்கியிலேயே சேர்ந்தார். பதினெட்டு வயதில், அவசரமாக எடுக்க வேண்டிய முடிவா அது? பெரிய பெயர்களைப் பற்றி அத்தனை பேசிய ரசிகர்கள் இந்தப் பையன்களைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்பட்டிருக்கலாம்.